பெப்பே: பின்வாங்க மறுத்த காவல்

2016 யூரோ கோப்பை இறுதிப் போட்டியின் ஆட்ட நாயகன் யார் என்று கால்பந்துப் பைத்தியங்களிடம் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் எடர் என்பார்கள். கூடுதல் நேரத்தின் 109-வது நிமிடத்தில், பெனால்டி பாக்ஸுக்கு வெளியே இருந்து அவர் அடித்த ஒற்றை கோல்தான் பிரான்ஸை அதன் சொந்த மண்ணிலேயே சாய்த்து, போர்ச்சுகலுக்கு முதல் பெரிய கோப்பையை வாங்கித் தந்தது. இன்னும் சிலர் ரொனால்டோ என்பார்கள். முழங்காலில் அடிபட்டு 25-வது நிமிடத்தில் அழுதபடி வெளியேறியவர், கடைசியில் பயிற்சியாளர் ஃபெர்னாண்டோ சான்டோஸுக்குப் பக்கத்தில் நொண்டி நொண்டி நின்று கத்திக்கொண்டிருந்த காட்சி அப்படி மனதில் பதிந்துவிட்டது. யுஇஎஃப்ஏ அந்த விருதைக் கொடுத்ததோ 33 வயது சென்டர் பேக் ஒருவருக்கு. பெயர் பெப்பே.

தொடைக் காயத்தால் அரையிறுதியில் ஆடாமல் வெளியே உட்கார்ந்திருந்தவர் அவர். இறுதிப் போட்டியில் 120 நிமிடமும் நின்றார். எதிரே, அந்தத் தொடரில் ஆறு கோல் அடித்திருந்த கிரீஸ்மான். பக்கத்திலேயே ஜிரூ. அவர் களைத்ததும் புதுக் கால்களோடு ஜின்யாக் வந்தார். உயரமாக வந்த பந்துகளைப் பெப்பே தலையால் வெளியே தள்ளினார், தரையில் வந்ததைக் காலை நீட்டித் தட்டிவிட்டார். அவருடைய தவறும் அன்றைக்கு ஒன்று உண்டு. 90 நிமிடம் முடிந்து ரெஃப்ரி விசில் ஊதக் காத்திருந்த நேரத்தில், கோலுக்கு மிக அருகில் ஜின்யாக் பந்தை உள்பக்கமாகத் திருப்பினார். பெப்பே வேறு பக்கம் போய்விட்டார். ஜின்யாக் அடித்த பந்து கம்பத்தின் அடிப்பகுதியில் பட்டுத் திரும்பியது. அது இரண்டு அங்குலம் உள்ளே போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே வாந்தி எடுத்தார் பெப்பே. உடம்பில் மிச்சம் எதையும் வைத்துக்கொள்ளாத ஆட்டம்.

ஆனாலும் பெப்பே என்றதும் உலகத்துக்கு நினைவுக்கு வருவது அந்த இரவு இல்லை. கீழே விழுந்து கிடப்பவரை உதைக்கும் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர்தான் நினைவுக்கு வருவார். ரவுடி, முரடன், நடிகன் என்று இணையத்தில் அவருக்கு வைக்காத பெயரில்லை. அதே ஆள் 41 வயதுவரை ஐரோப்பாவின் உச்ச மேடைகளில் ஆடி, போர்ச்சுகலுக்காக 141 ஆட்டங்களை முடித்து, 2024 ஆகஸ்ட் 8 அன்று ஓய்வை அறிவித்தார். அந்த நாட்டுக்காக அவரைவிட அதிக ஆட்டம் ஆடியிருந்தவர்கள் அப்போது ரொனால்டோவும் ஜோவாவ் மூட்டின்யோவும் மட்டும்தான். ஒரு முரடனை இத்தனை பயிற்சியாளர்கள் இத்தனை வருடம் ஏன் விடாமல் வைத்துக்கொண்டார்கள்?

மாசேயோவிலிருந்து மடெய்ரா

பிறந்தது 1983 பிப்ரவரி 26, பிரேசிலின் வடகிழக்கே அலகோவாஸ் மாநிலத்தின் கடற்கரை நகரமான மாசேயோவில். முழுப்பெயர் கெப்லர் லாவெரன் டி லிமா ஃபெரெய்ரா. கோள்களின் பாதையைக் கணித்த கெப்லரும், மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய லாவெரனும் சேர்ந்து ஒரு சென்டர் பேக்குக்குப் பெயராகியிருக்கிறார்கள். விஞ்ஞானிகளின் பெயரைச் சுமந்த பையன் உள்ளூர் கொரிந்தியன்ஸ் அலகோவானோ கிளப்பில் பந்து பழகினான். 2001-ல், 18 வயதில், அட்லாண்டிக் கடலைத் தாண்டி மடெய்ரா தீவிலிருக்கும் மரித்திமோ கிளப்புக்கு வந்து சேர்ந்தான். ரொனால்டோ பிறந்த அதே தீவு. ரொனால்டோ அதற்குள் லிஸ்பனுக்குப் போய்விட்டிருந்தார்.

2004-ல் போர்ட்டோ அவரை வாங்கியது. வசதியான நேரம் என்று சொல்ல முடியாது. சாம்பியன்ஸ் லீக்கை வென்ற கையோடு பயிற்சியாளர் மொரின்யோ செல்சிக்குப் போயிருந்தார். பின்வரிசையின் தூணான ரிக்கார்டோ கார்வாலோவும் அவர் பின்னாலேயே போய்விட்டார். டெக்கோ பார்சிலோனாவுக்குக் கிளம்பியாயிற்று. காலியான வீட்டில் குடியேறியதுபோல அந்த முதல் வருடம். அடுத்த சீசனில் கோ அட்ரியான்சே என்ற டச்சுப் பயிற்சியாளர் வந்தார். பின்னால் மூன்றே பேரை நிறுத்தி, மற்ற எல்லோரையும் முன்னே அனுப்பி ஆடுவது அவருடைய பாணி. பெப்பேவின் முதுகுக்குப் பின்னால் பாதி மைதானம் வெறுமையாகக் கிடக்கும். ஒரு நீளமான பந்து வந்தால் ஓடித்தான் ஆக வேண்டும்.

அவருடைய ஆட்டம் அங்கேதான் உருவானது என்பேன். சென்டர் பேக்குகளில் இரண்டு ரகம். ஒருவர் தன் இடத்தில் நின்று, ஸ்ட்ரைக்கர் பந்தோடு திரும்பி வரும்வரை காத்திருந்து மறிப்பார். இன்னொருவர், ஸ்ட்ரைக்கர் பந்தை வாங்கித் திரும்புவதற்குள் அவர் முதுகோடு ஒட்டிக்கொள்வார். பெப்பே இரண்டாம் ரகம். பாஸ் கிளம்பும்போதே அவரும் கிளம்பிவிடுவார். கணக்குச் சரியாக இருந்தால் பந்து அவர் காலில். அரை நொடி பிந்தினால், பந்து இருக்க வேண்டிய இடத்தில் எதிராளியின் கணுக்கால் இருக்கும். இந்த ரகத்தில் வேகம் குறைந்தவர்கள் பிழைக்க முடியாது. பெப்பேவுக்கு 187 சென்டிமீட்டர் உயரத்தோடு ஒரு விங்கரின் ஓட்டமும் வாய்த்திருந்தது.

போர்ட்டோ தொடர்ந்து இரண்டு லீக் பட்டங்களை வென்றது. 2007 கோடையில் ரியல் மாட்ரிட் 3 கோடி யூரோ கொடுத்து அவரைத் தூக்கிச் சென்றது. ஒரு டிஃபென்டருக்கு இவ்வளவா என்று ஸ்பெயின் பத்திரிகைகள் மூக்கில் விரல் வைத்தன. அதே வருடம் போர்ச்சுகல் குடியுரிமையும் கிடைத்தது. நவம்பர் 21 அன்று ஃபின்லாந்துக்கு எதிராக முதல் ஆட்டம். இடம் போர்ட்டோவின் டிராகாவ் மைதானம். அவரைத் தேர்வு செய்த பயிற்சியாளர் ஸ்கொலாரியும் பிரேசில்காரர்.

பிரேசிலில் பிறந்தவர் போர்ச்சுகல் சட்டை போடலாமா என்ற சண்டை அதற்கு முன்பே டெக்கோவை வைத்து நடந்து முடிந்திருந்தது. டெக்கோவைச் சேர்த்தபோது ஃபீகோவே வெளிப்படையாக அதிருப்தி சொன்னார். டெக்கோ தன் முதல் ஆட்டத்திலேயே பிரேசிலுக்கு எதிராக வெற்றி கோல் அடித்தது வேறு கதை. மொசாம்பிக்கில் பிறந்த யுசேபியோவைத் தலையில் வைத்துக் கொண்டாடும் தேசத்துக்கு இது பெரிய கேள்வியே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2016-ல் கோப்பையைத் தந்த எடர் பிறந்தது கினி-பிசாவில். 2010 உலகக் கோப்பையில் டர்பனில் பிரேசிலும் போர்ச்சுகலும் மோதியபோது பெப்பே தற்காப்பு மிட்ஃபீல்டராக இறங்கினார். பிறந்த நாட்டுக்காகக் கொஞ்சமும் கால் தளரவில்லை. அவருக்கும் பிரேசிலின் ஃபெலிப்பே மெலோவுக்கும் நடந்த உரசல் எல்லை மீறிப் போய்விடுமோ என்று பயந்த பிரேசில் பயிற்சியாளர் துங்கா, இடைவேளைக்கு முன்பே மெலோவை வெளியே எடுத்துவிட்டார். ஆட்டம் 0-0.

2009 ஏப்ரல் 21

இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. பெர்னபேவு மைதானம், ஹெட்டாஃபே அணியுடன் லீக் ஆட்டம், ஸ்கோர் 2-2, முடியச் சில நிமிடங்கள். பெனால்டி பாக்ஸுக்குள் ஹாவியர் கஸ்கேரோவைப் பெப்பே தள்ளிவிட, அவர் விழுந்தார். ரெஃப்ரி பெனால்டி கொடுத்தார். கீழே கிடந்தவரைப் பெப்பே உதைத்தார். மறுபடியும் உதைத்தார். விலக்க வந்த யுவான் அல்பீனின் முகத்தில் கை வைத்தார். சிவப்பு அட்டையோடு வெளியேறும்போதும் அதிகாரிகளைப் பார்த்துத் திட்டிக்கொண்டே போனார். பத்து ஆட்டத் தடை. கால்பந்தையே விட்டுவிடலாமா என்று அப்போது யோசித்ததாகப் பிறகு சொன்னார்.

அந்தப் பெனால்டியைக் கஸ்கேரோ மெதுவாக நடுவில் தூக்கிப் போட முயன்று, பந்து மாட்ரிட் கோல்கீப்பர் கஸியாஸ் கையில் போய் உட்கார்ந்தது. சற்று நேரத்தில் ஹிகுவாயின் கோல் அடித்து மாட்ரிட் 3-2 என ஜெயித்தும்விட்டது. ஆனால் விலை பிறகுதான் தெரிந்தது. பதினோரு நாள் கழித்து, மே 2 அன்று, பட்டத்துக்காக மாட்ரிட் துரத்திக்கொண்டிருந்த பார்சிலோனா அதே மைதானத்துக்கு வந்தது. தடையில் பெப்பே. பின்னால் 35 வயது கன்னவாரோவும் மெட்செல்டரும். பார்சிலோனா பயிற்சியாளர் கார்டியோலா மெஸ்ஸியை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து, ஸ்ட்ரைக்கர் நிற்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டார். இரண்டு சென்டர் பேக்குகளுக்கும் யாரைப் பிடிப்பதென்றே தெரியவில்லை. முன்னே போனால் பின்னால் ஓட்டை, நின்றால் மெஸ்ஸிக்கு மைதானம் திறந்த வெளி. 2-6. பெப்பே இருந்திருந்தால் தோற்றிருக்காது என்று சொல்ல வரவில்லை. மெஸ்ஸியைத் தேடி முன்னே போய்விட்டுப் பின்னால் ஓடித் திரும்பும் கால் அந்த அணியில் ஒருவருக்குத்தான் இருந்தது, அவர் தன் கோபத்தாலேயே வெளியே இருந்தார்.

அந்த வெறுமையான இடத்தை இரண்டு வருடம் கழித்து, மாட்ரிட் பயிற்சியாளராக வந்திருந்த மொரின்யோ நிரப்பினார். டிசம்பர் 2009-ல் முழங்கால் தசைநார் கிழிந்து பல மாதம் படுத்து எழுந்திருந்த பெப்பேவை, 2011 ஏப்ரலில் டிஃபென்ஸுக்கு முன்னால், மெஸ்ஸி இறங்கி வரும் அதே பகுதியில் நிறுத்தினார். ஒரே மாதத்துக்குள் ஸ்பெயின் லீக், கோப்பை, சாம்பியன்ஸ் லீக் என்று பார்சிலோனாவோடு மோதல் மேல் மோதல். ஏப்ரல் 20, வாலென்சியாவின் மெஸ்டாயா மைதானத்தில் கோப்பை இறுதிப் போட்டி. முதல் பாதியில் பார்சிலோனாவின் பாஸ்கள் மூச்சு முட்டின. இடைவேளைக்கு முன்பு பெப்பே உயரத் தாவித் தலையால் முட்டிய பந்து கம்பத்தில் பட்டது. 103-வது நிமிடத்தில் ரொனால்டோ முட்டிய பந்து உள்ளே போனது. 18 வருடத்துக்குப் பிறகு மாட்ரிடுக்கு அந்தக் கோப்பை.

ஒரு வாரத்தில் அதே வைத்தியம் விஷமானது. சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, ஸ்கோர் 0-0, 61-வது நிமிடம். டானி ஆல்வெஸை நோக்கிப் பெப்பேவின் கால் உயர்ந்து போனது. ரெஃப்ரி ஸ்டார்க் நேராகச் சிவப்பைக் காட்டினார். உண்மையில் பட்டதா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. பெப்பே போனதும் மெஸ்ஸிக்குப் பாதை திறந்தது, இரண்டு கோல். மாட்ரிட் எவ்வளவு அவரை நம்பி அந்தத் திட்டத்தைப் போட்டிருந்தது என்பதற்கு அந்த அரைமணி நேரத்தைவிட வேறு சாட்சி வேண்டாம். மறுவருடம் ஜனவரியில் தரையில் கிடந்த மெஸ்ஸியின் கையை மிதித்தார். வேண்டுமென்று செய்யவில்லை என்றார், தண்டனையும் கிடைக்கவில்லை. அவர் சொன்னதை நான் நம்பவில்லை.

2014-ல் உலகக் கோப்பை பிரேசிலுக்கு வந்தது. முதல் ஆட்டம் சால்வடோரில், மாசேயோவைப் போலவே வடகிழக்குக் கடற்கரை நகரம். எதிரணி ஜெர்மனி, அதற்குள் 2-0. தாமஸ் முல்லர் கீழே உட்கார்ந்திருந்தார். பெப்பே குனிந்து தன் தலையை அவர் தலையோடு இடித்தார். பலமான இடி என்று சொல்ல முடியாது. ஆனால் 37-வது நிமிடத்தில், சொந்த மண்ணுக்குத் திரும்பி வந்த மேடையில், இப்படி ஒரு அசட்டுத்தனம்! 4-0. அந்தக் கோல் வித்தியாசத்தாலேயே போர்ச்சுகல் முதல் சுற்றோடு வீடு திரும்பியது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ரியல் மாட்ரிட் வரலாற்றில் அதிகமுறை சிவப்பு அட்டை வாங்கியவர் பெப்பே இல்லை. அவர் பக்கத்தில் நின்ற செர்ஹியோ ராமோஸ். 2014 சாம்பியன்ஸ் லீக்கின் லிஸ்பன் இறுதிப் போட்டியில் 93-வது நிமிடத்தில் ராமோஸ் அடித்த கோல் அவருடைய எல்லாக் கணக்கையும் நேர் செய்துவிட்டது. காயத்தால் அன்று பெப்பே களம் இறங்கவே இல்லை. கோல் அடிக்கும் டிஃபென்டருக்கு ஒரு நியாயம், தடுக்கும் டிஃபென்டருக்கு ஒரு நியாயம்.

ஓட்டம் குறைந்த பிறகு

மாட்ரிடில் பத்து வருடம், மூன்று சாம்பியன்ஸ் லீக், மூன்று லீக் பட்டம். 2017 ஏப்ரலில் அட்லெட்டிகோவுக்கு எதிராகத் தலையால் முட்டி கோல் போட்டுவிட்டு, சொந்த அணிக்காரரான குரூஸோடு மோதி விலா எலும்பு முறிந்து வெளியேறினார். முப்பது தாண்டியவர்களுக்கு ஒவ்வொரு வருடமாகத்தான் ஒப்பந்தம் என்பது அந்தக் கிளப்பின் வழக்கம். அவர் இரண்டு வருடம் கேட்டார். கிடைக்கவில்லை. இஸ்தான்புல்லின் பெஷிக்டாஷுக்குப் போய், பணத் தட்டுப்பாட்டில் திணறிய அந்தக் கிளப்பை ஒன்றரை வருடத்தில் விட்டு, 2019 ஜனவரியில் போர்ட்டோவுக்கே திரும்பினார். கடைசிக் காலத்தில் பழைய ஊர்ப் பக்கம் வந்து ஓய்வெடுக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

2021 மார்ச் 9, டூரின். 38 வயது நிறைந்து பதினோரு நாள். சாம்பியன்ஸ் லீக்கில் யுவென்டஸோடு இரண்டாம் ஆட்டம், எதிரே ரொனால்டோ. 54-வது நிமிடத்தில் போர்ட்டோவின் தரேமிக்குச் சிவப்பு அட்டை. அதிலிருந்து கூடுதல் நேரமும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பத்துப் பேர். ஓரங்களிலிருந்து யுவென்டஸ் பந்துகளை மழையாகக் கொட்டியது. அவற்றில் பெரும்பகுதி பெப்பேவின் நெற்றியில் முடிந்தது. அந்த ஆட்டத்தைத் திரும்பப் பார்த்தால் ஒன்று தெரியும்: அவர் அதிகம் ஓடவே இல்லை. பந்து கிளம்பும் முன் இரண்டு அடி நகர்ந்து நிற்கிறார், அவ்வளவுதான். இளமையில் பத்து மீட்டர் ஓடிப் பிடித்ததை இப்போது இரண்டு அடியில் பிடித்தார். 115-வது நிமிடத்தில் செர்ஜியோ ஒலிவெய்ராவின் ஃப்ரீ கிக் சுவருக்குக் கீழே புகுந்தது; வெளியூர் கோல் கணக்கில் போர்ட்டோ தப்பியது.

சாது ஆகிவிட்டார் என்று எழுதினால் பொய். மறுவருடம் ஸ்போர்டிங்குடன் 2-2 முடிந்த ஆட்டத்தில் விசிலுக்குப் பிறகு வெடித்த கைகலப்பில் சிவப்பு வாங்கியவர்களில் அவரும் ஒருவர். வயதோடு குறைந்தது கோபம் இல்லை, தாமதம். முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிடுபவருக்குக் கணுக்காலை மிதிக்க வேண்டிய அவசியம் வருவதில்லை.

கத்தார் உலகக் கோப்பையில் சான்டோஸ் துணிந்து ரொனால்டோவை பெஞ்சில் உட்கார வைத்த அந்த சுவிட்சர்லாந்து ஆட்டத்தில் கேப்டன் பட்டை பெப்பேவின் கையில் இருந்தது. ப்ரூனோ ஃபெர்னாண்டஸின் கார்னரைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். 39 வயது, உலகக் கோப்பை நாக் அவுட் சுற்றில் கோல் அடித்தவர்களில் அவருக்கு மேல் வயதானவர் அன்றுவரை இல்லை. மொராக்கோவிடம் தோற்ற காலிறுதியின் கடைசி நிமிடங்களில் அதேபோல ஒரு பந்து வந்தது. அது வெளியே போனது. 2023 நவம்பரில் ஆன்ட்வெர்ப்புக்கு எதிராக அடித்த கோல், சாம்பியன்ஸ் லீக்கில் கோல் அடித்த மிக மூத்தவர் என்ற பெயரை டோட்டியிடமிருந்து பறித்தது. போதாதென்று டிசம்பரில் ஷக்தாருக்கு எதிராக இன்னொன்று. அப்போது வயது 40 வருடம் 290 நாள்.

2024 ஜெர்மனி யூரோவில் பயிற்சியாளர் ராபர்டோ மார்ட்டினெஸ் அவரைத் தேர்வு செய்தபோது, மரியாதைக்காகக் கூட்டிப் போகிறார் என்று பேசிக்கொண்டார்கள். செக் குடியரசுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே, யூரோவில் ஆடிய மிக மூத்தவர் ஆனார். ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஸ்லோவேனியாவுடன் 0-0. 115-வது நிமிடம். கடைசி ஆளாகப் பந்தை வைத்திருந்த பெப்பே தடுமாறினார். ஷெஷ்கோ பந்தைப் பறித்துக்கொண்டு தனியாக ஓடினார். 21 வயதுக் கால்களைத் துரத்திப் பிடிக்க வழியே இல்லை. போர்ட்டோவில் தினமும் தன்னோடு பயிற்சி செய்த கோல்கீப்பர் டியோகோ கோஸ்டா காலை நீட்டி அதைத் தடுத்தார். பிறகு பெனால்டியில் மூன்றையும் பிடித்தார். அந்தப் பந்து உள்ளே போயிருந்தால் பெப்பேவின் கடைசிக் காட்சி அதுதான்.

நாலு நாள் கழித்து ஹாம்பர்க்கில் பிரான்ஸ். 41 வருடம் 130 நாள். 120 நிமிடமும் ஆடினார். கூடுதல் நேரத்தில் ஓரமாக வந்த நீளமான பந்துக்கு மார்கஸ் துராம் பாய்ந்தார். இளையவர் மார்கஸா, அவரைவிடப் பதினான்கு வயது மூத்தவரா என்று கேட்கும்படி பெப்பே கூடவே ஓடி, தோளைக் கொடுத்து, பந்தைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். மார்கஸின் அப்பா லிலியன் துராமும் டிஃபென்டர். பெப்பே மாட்ரிடுக்கு வந்த 2007-ல் லிலியன் அதே லீக்கில் பார்சிலோனாவுக்கு ஆடிக்கொண்டிருந்தார். ஸ்கோர் 0-0. பெனால்டியில் ஜோவாவ் ஃபெலிக்ஸ் கம்பத்தில் அடிக்க, பிரான்ஸ் ஜெயித்தது. ரொனால்டோவின் தோளில் சாய்ந்து பெப்பே அழுதார். 2016-ல் அவர் நின்ற அதே அணிக்கு எதிராக, எட்டு வருடம் கழித்தும், 120 நிமிடத்தில் ஒரு கோல்கூட உள்ளே விடவில்லை.

போர்ட்டோ ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஒரு மாதத்தில் ஓய்வு அறிவிப்பு வந்தது. அடுத்த ஜூனில் மியூனிக்கில் ஸ்பெயினைப் பெனால்டியில் வென்று போர்ச்சுகல் நேஷன்ஸ் லீக் கோப்பையை எடுத்தது. ரூபன் டியாஸுக்குப் பக்கத்தில் சென்டர் பேக்காக இறங்கியவர் கொன்சாலோ இனாசியோ. இவர்கள் இருவரும் முதல் ரகம்: நின்று, அளந்து, பந்தை அழகாக முன்னே கொடுப்பவர்கள். இன்றைய பயிற்சியாளர்கள் கேட்பதும் அதைத்தான். அன்று ஆட்டம் 2-2 என்று கூடுதல் நேரம்வரை போனது. ஸ்பெயினின் முதல் கோல், பாக்ஸுக்குள் ஒன்றுக்கு மூன்று பேர் பந்தைத் தட்டிவிட முடியாமல் தடுமாறியதில் வந்தது.